கணினி அறை வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

1

போன வாரம் ஊர் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டேன். நான் வேலை பார்க்கும் பட்டறையில், தகடு வெட்டும் இயந்திரத்தை ஒட்டி இருக்கும் கண்ணாடி அறை அது. உள்ளே ஒரு மேசை. மேசைக்குக் கீழே, வெள்ளையாகப் பிறந்து மஞ்சளாகிவிட்ட ஒரு கணினிப் பெட்டி. மேலே பழைய திரை, எழுத்துகள் தேய்ந்துபோன விசைப்பலகை. 'இதுதான் என் ஆபீஸ்' என்று பெருமையாக எழுதியிருந்தேன்.

கொத்தமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கும் செந்தில் முதல் ஆளாகப் பதில் போட்டான். "என்ன மாப்ள, ஜெர்மனின்னு சொல்லிட்டுப் போன. நம்ம சொசைட்டியில தூசி அடைஞ்சு கெடக்குற பொட்டியத்தான் அங்கிட்டும் வச்சிருக்காங்களா?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். ஆனால் மனசு அடங்கவில்லை. எனக்குக் கோபம் சட்டென்று வரும், மெதுவாகத்தான் போகும். செந்திலுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி நின்றுபோயிருந்தால் என் வேலை போயிருக்கும். வேலை போயிருந்தால் நானும் என் மனைவியும் மகளும் இந்த நாட்டிலிருந்து பெட்டி கட்டியிருக்க வேண்டும். போன குளிர்காலத்தில் நாங்கள் அந்த விளிம்பு வரை போய்வந்தோம். கதை அதைப் பற்றியதுதான்.

முதலில் ஒன்று. இங்கே எல்லாம் கைபேசியில் நடக்கிறது என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. பார்ப்பதெல்லாம் கைபேசியில்தான். செய்வது இன்னும் மேசையில்தான். எங்கள் நிறுவனம் படிக்கட்டும் கைப்பிடியும் செய்கிறது. மாடியில் வரைபடம் போடுகிறவர்கள் ஆளுக்கு இரண்டு பெரிய திரைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கணக்கு எழுதும் அம்மாவுக்கு ஒரு மேசைக் கணினி. வாயிலில் லாரி எடை போடுகிறவருக்கு ஒன்று. கீழே பட்டறையில் எனக்கு இந்த மஞ்சள் பெட்டி. மேலே வரைந்ததை வாங்கி, எந்தத் தகட்டில் எங்கே வெட்டினால் வீணாகாது என்று அடுக்கி, இயந்திரத்துக்குச் சொல்வது என் வேலை.

அப்புறம் ஏன் பழசு? இயந்திரம் இரும்பு, பல காலம் உழைக்கும். கணினிக்குள் ஓடும் அமைப்பு சில வருடங்களில் கிழடாகிவிடும். இந்த இயந்திரத்தோடு பேசும் மென்பொருள் அந்தக் காலத்து அமைப்புக்காக எழுதப்பட்டது. புதுக் கணினியில் போட்டால் இயந்திரம் இருக்கிற பக்கமே அதற்குத் தெரிவதில்லை. பழைய பூட்டுக்குப் பழைய சாவிதான். அதை இணையத்தோடு சேர்க்காமல், வைரஸ் அண்டாமல் தனியாக வைத்து ஓட்டுகிறோம். உலகத்தில் எத்தனையோ பட்டறைகள் இப்படித்தான் ஓடுகின்றன, செந்தில்.

2

கணினி எனக்கு அறிமுகமானது கீரமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில். கணினி மட்டுமில்லை, மலர்க்கொடியும் அங்கேதான் அறிமுகம். இப்போது என் மனைவி.

அந்த சென்டரின் உரிமையாளர் அறந்தாங்கியில் இருந்தார். சாவி, கல்லா, கணினி எல்லாம் மலரின் பொறுப்பு. பூ கமிஷன் கடைகளுக்கு பில் அடிப்பது, பத்தாம் வகுப்பு ரிசல்ட் எடுத்துக் கொடுப்பது, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போடுவது, பத்திரத்துக்கு வரைவு தட்டுவது என்று அந்த வட்டாரத்தின் பாதிக் காரியம் அவள் விரல் வழியாகத்தான் நடந்தது. ஐ.டி.ஐ. முடித்து திருச்சியில் தகடு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த நான், துபாய் ஏஜென்டுக்குக் கொடுக்க பயோடேட்டா அடிக்கப் படியேறினேன். நேராக உள்ளே நுழைந்தேன்.

"அண்ணே, செருப்பு."

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான். கட்டிக்கொண்ட பிறகு இன்றுவரை நான் அதைச் சொல்லிக் காட்டுவேன். "அன்னைக்கு ஒங்க மொகத்தப் பாத்தா அண்ணேன்னுதான் வந்துச்சு" என்று அவளும் விடமாட்டாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு, "கோயிலா இது?" என்று கேட்டேன்.

"சோறு போடுது. செம்மண்ணோட மிதிச்சுக்கிட்டு வந்தா எப்புடி? தூசி போனா ஃபேன் நின்டுரும். அப்பறம் ஒங்க பயோடேட்டாவ நீங்க கையாலதான் எழுதணும்."

ஊரில் அந்தக் காலத்தில் எல்லா சென்டர்களிலும் இதே வழக்கம். கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்போடு யாரும் போகமாட்டார்கள். வாசலில் குவிந்து கிடக்கும் செருப்பை வைத்தே உள்ளே எத்தனை கூட்டம் என்று கீழே இருந்து சொல்லிவிடலாம்.

மலருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. காலையில் திறந்து கணினியைப் போட்டதும் புறங்கையால் பெட்டியின் தகட்டைத் தொட்டுப் பார்ப்பாள். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டு தொடும்போது லேசாக ஜிவ்வென்று ஊர்ந்தால், அன்றைக்கு எர்த் சரியில்லை என்று அர்த்தம். சித்திரை வந்தால் எங்கள் செம்புறாங்கல் பூமி ஈரத்தை விட்டுவிடும். கட்டடத்துக்குப் பின்னால், கரியும் உப்பும் போட்டுக் கம்பி புதைத்த எர்த் குழி காய்ந்துபோகும். அந்த நாட்களில் பிரிண்டர் தாறுமாறாக அடிக்கும், கணினி பாதியில் அணைந்து அணைந்து எழும். மலர் ஒரு குடம் தண்ணீரை அந்தக் குழியில் ஊற்றிவிட்டு வந்து மறுபடி தொட்டுப் பார்ப்பாள். ஊர்வது நின்றிருக்கும். பிறகுதான் முதல் பில்.

விசா வரும்வரை அந்தக் குடத்தை நான்தான் தூக்கினேன். பயோடேட்டாவில் திருத்த இவ்வளவு இருக்குமா என்று என் அம்மாவே சந்தேகப்பட்டாள்.

3

துபாய் முடிந்து, இங்கே வந்து, மொழி படித்து, இந்தப் பட்டறையில் சேர்ந்து நாளாகிவிட்டது. தென் ஜெர்மனியில், பெயர் சொன்னாலும் உங்களுக்குப் பிடிபடாத சிறு ஊர். காலையில் மலர் ரொட்டிக் கடை வேலைக்குக் கிளம்புவாள். யாழினி பள்ளிக்குக் கிளம்புவாள். நான் சைக்கிளில் பட்டறைக்குப் போவேன்.

யாழினி எங்கள் மகள். கைக்குழந்தையாக வந்தவள், இப்போது மேல்வகுப்பில் படிக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். கடையில் நான் பேசும் ஜெர்மனை எனக்குப் பின்னால் நின்று திருத்துவாள், தெருவில் நான் பேச ஆரம்பித்தால் முன்னால் நடந்துவிடுவாள். வீட்டில் நான் வாங்கி வைத்திருக்கும் மேசைக் கணினியை அவள் தொட்டதே கிடையாது. "அது கிழவங்களுக்குப்பா" என்று அந்த ஒரு வரியை மட்டும் நல்ல தமிழில் சொல்வாள்.

பட்டறைக்குள் எல்லோரும் இரும்பு மூக்கு வைத்த பாதுகாப்பு பூட்ஸ் போட வேண்டும். தகடு காலில் விழுந்தால் விரல் மிஞ்சாது. இதையெல்லாம் கண்காணிக்கும் பாதுகாப்பு அதிகாரி திருமதி பிராண்ட். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை, ஒரு நாளும் ஒரு விதியை விட்டதில்லை.

போன கோடையில் ஊருக்கு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினேன். வேலைக்குத் திரும்பிய அன்றைக்கே, கண்ணாடி அறை வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். நான் செய்ததே எனக்குத் தெரியாது. ஊரில் வங்கிக்கும் இ-சேவை மையத்துக்கும் ஏறி இறங்கிய கால் அந்தப் பழக்கத்தை அப்படியே விமானத்தில் கூட்டி வந்துவிட்டது. தலை நிமிர்ந்தால் திருமதி பிராண்ட் என் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

"இது உங்களுடையதா?"

"ஆமாம். எங்கள் ஊரில் கணினி அறைக்குள்..."

"உங்கள் ஊரில் கணினி அறைக்குள் எஃகுத் தகடு இருக்குமா?"

"விதி எனக்காக இல்லை, உங்கள் விரலுக்காக" என்று சொல்லிவிட்டு எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். அதே குற்றத்துக்கு இன்னொன்று வந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்று அதில் இருந்தது. என் ஒப்பந்தம் வருட ஒப்பந்தம். அடுத்து வந்த தையில் அதை நிரந்தரமாக்குவதாக முதலாளி திரு. மாயர் வாக்குக் கொடுத்திருந்தார். நிரந்தர வேலை இருந்தால் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கலாம். அதற்காக அயல்நாட்டவர் அலுவலகத்தில் நேரம் வாங்கவே நான் பட்ட பாடு தனிக் கதை. பிறப்புச் சான்றிதழுக்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை, முத்திரை உண்மைதான் என்று இன்னொரு முத்திரை.

4

ஐப்பசியில் தொல்லை ஆரம்பித்தது. வெட்டிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் நின்றுவிடும். திரையில் 'இயந்திரத்தோடு தொடர்பு அறுந்தது' என்று வரும். சில நேரம் கணினி தானாக அணைந்து எழும். பாதி வெட்டிய தகடு குப்பைக்குப் போகும். கேபிளை மாற்றினேன். உள்ளே இருந்த மின்பெட்டியை மாற்றினேன். இதே மாதிரிப் பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடித்து முழுசாகவே மாற்றிப் பார்த்தேன். அதுவும் அதே பேயாட்டம் ஆடியது.

வெளியிலிருந்து ஓர் ஆலோசகரைக் கூட்டி வந்தார்கள். அவர் கையில் டேப்லெட் ஒன்றை வைத்துக்கொண்டு என் மஞ்சள் பெட்டியை எட்ட நின்றே பார்த்தார். இந்த அமைப்புக்கு ஆயுள் முடிந்துவிட்டது, இயந்திரத்தையும் சேர்த்து மாற்றுங்கள் என்றார். அவ்வளவு செலவுக்கு இந்தச் சிறு பட்டறை தாங்காது. அதனால் வெட்டும் பிரிவையே இங்கே மூடிவிட்டு, நிறுவனத்தின் இன்னொரு பெரிய பட்டறையில் தகடு வெட்டி லாரியில் வரவழைப்பது என்று பேச்சு அடிபட்டது. மார்கழிக் கடைசியில் கூட்டம் போட்டு முடிவெடுப்பார்கள்.

"உங்கள் வேலை மேல் எந்தக் குறையும் இல்லை" என்று திரு. மாயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ஆனால் பிரிவே இல்லாவிட்டால் ஒப்பந்தம் எதற்கு என்று கேட்பார்கள்." நல்ல மனிதர். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். யாழினிக்குப் பள்ளி முடிய இன்னும் காலம் இருக்கிறது. இப்போது ஊருக்குப் போனால் தமிழில் எழுதத் தெரியாதவள் எந்தப் பள்ளியில் சேர்வாள்? அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலர் மட்டும், "போகச் சொன்னாப் போவோம். அதுக்கு முன்னாடி அந்தப் பொட்டிக்கு என்னதான் வந்துச்சுன்னு பாத்துட்டுப் போவோம்" என்றாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. தோற்பதானால்கூட எதனிடம் தோற்றேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

5

மறுவாரம், ஒரு மதிய இடைவேளை. வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டியது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சைக்கிளில் வரும்போதே என் காலுறை நனைந்துவிட்டது, மாற்று கொண்டுவரவில்லை. கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எப்போது பூட்ஸைக் கழற்றினேன் என்று சத்தியமாகத் தெரியாது. மனசு ஒன்றில் ஊன்றிவிட்டால் கால் தானாகக் கழற்றிவிடுகிறது. குனிந்து, அணைந்த பெட்டியை மறுபடி போட்டுவிட்டு, எழுந்திருக்கும்போது புறங்கை தகட்டில் பட்டது.

ஜிவ்வென்று ஊர்ந்தது.

கையை எடுத்தேன். பிறகு பூட்ஸைப் போட்டுக்கொண்டு தொட்டேன். ஒன்றுமில்லை. கழற்றிவிட்டுத் தொட்டேன். ஊர்ந்தது. பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன். அதே பதில். இந்த மாதிரிச் சோதனையை யாரும் செய்யாதீர்கள், கரண்டு உறவு பார்க்காது.

சாப்பிட்டு வந்த திரு. மாயரிடம் ஓடினேன். ஊரில் ஷாக் அடிக்கிறது என்கிறோமே, அதை அப்படியே ஜெர்மனில் தூக்கிப் போட்டேன். "கணினி என்னை அடிக்கிறது" என்று ஆகிவிட்டது. அவர் என் தோளைத் தட்டி, "நம் எல்லோரையும்தான் அடிக்கிறது" என்று சிரித்தார். விளக்கிச் சொன்ன பிறகு சிரிப்பை நிறுத்தி, அறைச் சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டைக் காட்டினார். பரிசோதிக்கப்பட்டது என்ற வட்டச் சீட்டு அதில் ஒட்டியிருந்தது. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது, மூடப்போகிற பிரிவுக்கு இப்போது எலக்ட்ரீசியனைக் கூப்பிட அனுமதி வாங்க முடியாது என்றார். அதை நானே திறப்பது இங்கே பெரிய குற்றம். ஊர் என்றால் டெஸ்டரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து மலரிடம் சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"காலு நனைஞ்சிருந்துச்சா?"

"ஆமா."

"தரை?"

"இரும்புத் தரை. முன்னாடி பலகையா இருந்துச்சு. ஆவணியில மாத்துனாங்க."

"அப்ப அந்த பிளக்கு?"

பலகையைப் பெயர்த்தபோது பிளக் பாயின்ட்டையும் சுவரில் இடம் மாற்றியிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சீட்டு ஒட்டியது அதற்கு முந்தி. மாற்றிய பிறகு மஞ்சள் பெட்டி கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. ஐப்பசியில் மழையும் ஈரமும் வந்தவுடன் ஆட்டம் காட்ட ஆரம்பித்தது.

"எர்த்து இல்லைங்க" என்றாள் மலர். கையில் மாவோடு சிரித்தாள். "இந்த ஊர்ல குழி எங்கிட்டு இருக்குன்னு கேளுங்க. நான் வந்து ஒரு கொடம் ஊத்திட்டுப் போறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

6

பட்டறையில் யார் சொன்னால் அன்றைக்கே எலக்ட்ரீசியன் வருவார் என்று எனக்குத் தெரியும். திருமதி பிராண்ட். ஆபத்து என்று எழுத்தில் புகார் போனால் அவர் அந்த அறையைப் பூட்டிச் சோதித்தே ஆக வேண்டும். முதலாளியே தடுக்க முடியாது.

இன்னொரு தரம் என் ஜெர்மன் என் காலை வாரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாழினியைக் கூப்பிட்டேன். வீட்டு மேசைக் கணினியின் முன்னால் முதல் முறையாக உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்லத் தட்டினாள். வேகமான கை, அம்மாவுடைய கை. 'பூட்ஸ் அணியாமல் இருந்தபோது' என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

"இது வேணாம்பா."

"ஏன்?"

"ஒருதடவை வார்னிங் குடுத்துட்டாங்கல்ல? இதப் படிச்சா இன்னொண்ணு குடுப்பாங்க. கான்ட்ராக்ட் போயிடும். கை பட்டுச்சு, ஷாக் அடிச்சுச்சு. அவ்வளவு போதும்."

நான் அவளுக்கு விளக்கினேன். அந்த பூட்ஸின் அடிப்பாகம் கரண்டு கடத்தாது. பூட்ஸோடு நின்றபோது ஊர்ந்தது என்று எழுதினால், வருகிற எலக்ட்ரீசியன் முதல் கேள்வியிலேயே என்னைப் பொய்யன் என்பார், பூட்ஸோடு நின்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். வெறுங்காலுக்குத் தெரிந்த விஷயம் இது. அந்த வரியை எடுத்தால் மற்ற வரிகளுக்குப் பெறுமானம் இல்லை.

"அப்ப நமக்குன்னு ஒரு ரூல், அவங்களுக்குன்னு ஒரு ரூலா? அங்க கழட்டணும், இங்க கழட்டக் கூடாது. எனக்கு எப்பவும் இதுதான். எது எங்கன்னு நான்தான் பாத்துக்கிட்டே இருக்கணும்." அத்தனையும் தமிழில் சொன்னாள். எனக்கு அது உடனே தோன்றவில்லை, ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது.

நான் அவளுக்கு நியாயம் சொல்லப் போகவில்லை. அவள் சொன்னது சரி. "நீ தட்டு. கையெழுத்து நான்தானே போடுறேன்" என்று மட்டும் சொன்னேன்.

வாசற்படியில் சாய்ந்துகொண்டு மலர் கேட்டுக்கொண்டிருந்தாள். "உள்ளதத்தான எழுதச் சொல்றாரு. எழுது தங்கம்" என்றாள். யாழினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வரியைத் தட்டினாள். முடித்ததும் நான் கேட்காமலே மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்து என் இலக்கணத்தையெல்லாம் சரிபண்ணினாள்.

7

திங்கட்கிழமை காலை திருமதி பிராண்டின் மேசையில் வைத்தேன். அவர் படிக்கும்வரை நின்றேன். பூட்ஸ் வரி வந்த இடத்தில் கண் நின்றதைப் பார்த்தேன். நிமிர்ந்தார்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

"இது உங்களுக்கு என்ன செய்யும் என்று தெரிந்தே கொடுக்கிறீர்கள்."

"தெரியும். எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்."

அவர் நாற்காலியில் இருந்து எழுந்து, நடந்து போய்க் கண்ணாடி அறையைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். திரு. மாயர் வந்து, இன்றைக்கு வெட்ட வேண்டிய வேலை இருக்கிறதே என்றார். "ஆள் செத்தால் அதைவிட நேரம் ஆகும்" என்றார் திருமதி பிராண்ட், குரலை உயர்த்தாமல்.

மத்தியானம் எலக்ட்ரீசியன் வந்தார். பிளக் பாயின்ட்டைச் சுவரிலிருந்து கழற்றினார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். சுவர்ப் பெட்டிக்குள் பச்சையும் மஞ்சளும் கோடு போட்ட எர்த் ஒயர், எதிலும் மாட்டப்படாமல் மடங்கிக் கிடந்தது. இடம் மாற்றியபோது யாரோ மாட்ட மறந்துவிட்டார்கள். அவர் அதை நிமிர்த்தி, திருகாணியில் வைத்து முடுக்கினார். அதற்கு ஆன நேரத்தில் ஒரு வாய் டீகூடக் குடித்து முடிக்க முடியாது. அத்தனை நாள் என் குடும்பம் அந்த ஒரு திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடியைப் பார்த்து அழுதேன், யாரும் கேட்கவில்லை.

மஞ்சள் பெட்டியைப் போட்டேன். அன்றைக்கு நிற்கவில்லை. அந்த வாரமும் நிற்கவில்லை. மார்கழிக் கூட்டத்தில் வெட்டும் பிரிவை மூடும் பேச்சைக் கைவிட்டார்கள். ஆலோசகர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருநாள் இந்த இயந்திரமும் போகத்தான் போகும். அதற்குள் புதுக் கணினியில் ஓடும் மென்பொருளை இதனோடு பேசவைக்க முடியுமா என்று நானும் மாடியில் வரைகிற பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தை பிறந்த வாரம் எனக்கு இரண்டு உறைகள் வந்தன. ஒன்றில் நிரந்தர ஒப்பந்தம். இன்னொன்றில் பூட்ஸ் கழற்றியதற்கு இரண்டாவது எச்சரிக்கை. இரண்டும் ஒரே நாள் போட்டவை. எச்சரிக்கையில் திருமதி பிராண்டின் கையெழுத்துக்குக் கீழே, பேனாவால் ஒரு வரி சின்னதாக இருந்தது. யாழினி வாசித்துச் சொன்னாள். "புகாருக்கு நன்றி. இனி கழற்றாமலே வந்து சொல்லுங்கள்."

8

இன்று காலை, நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்காக, அயல்நாட்டவர் அலுவலகத்துக்கு மூவரும் போனோம். எத்தனையோ மாதம் காத்துக் கிடைத்த நேரம். கண்ணாடி போட்ட ஓர் அம்மா எங்கள் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மேசைக் கணினியில் ஏற்றினார். ஒப்பந்தத்தைப் பார்த்து, நல்லது என்றார். முத்திரைகளைப் பார்த்தார், முத்திரையின் முத்திரையையும் பார்த்தார். கடைசியாக ஏதோ ஒரு விசையை அழுத்தினார்.

திரை உறைந்துபோனது.

சுட்டியை ஆட்டினார். கேபிளை ஆட்டினார். பக்கத்து அறையில் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "மன்னிக்கவும். கணினி வேலை செய்யவில்லை. உங்களுக்கு வேறு நாள் நேரம் தருகிறேன்" என்றார்.

"வேறு நாள் வேண்டாம்" என்றேன். "நாங்கள் இருக்கிறோம்."

"எப்போது வரும் என்று சொல்ல முடியாது."

"பரவாயில்லை. எங்களுக்குப் பழக்கம்தான்."

அவர் யாழினியைப் பார்த்தார். இவர்களுக்குப் புரியவில்லை போலிருக்கிறது, நீ சொல் என்ற பார்வை. தெருவில் எனக்கு முன்னால் நடக்கிற பெண், கதவுப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, திருத்தமான ஜெர்மனில், "நாங்கள் காத்திருப்போம்" என்றாள்.

அந்த அம்மா மறுபடி கணினியோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தார். எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. கால் பரபரத்தது. குனிந்து மேசைக்கு அடியில், அந்தப் பெட்டியின் செருகி எங்கே போகிறது என்று பார்த்தேன். மலர் என் முழங்கையைப் பிடித்தாள்.

"என்னங்க."

"என்ன?"

"பேசாம ஒக்காருங்க. ஷூவ மட்டும் கழட்டிறாதீங்க."

யாழினி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் கால்களைத் தரையில் ஊன்றி வைத்துக்கொண்டேன். நாங்கள் மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம், அந்தத் திரையில் வெளிச்சம் வந்து, பிரிண்டர் எங்கள் பெயரை இழுத்து வெளியே தள்ளும்வரை.